அல்டீரியர் மோட்டிவ்: சொன்ன காரணத்துக்கு அப்பால் நிற்கும் காரணம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிக்குப் பின்னால் இன்னும் ஒரு துண்டு செம்பனைக் காடு மிச்சம் இருக்கிறது. சாயங்காலம் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகளில் பாதிப் பேருடைய தாத்தா பாட்டி, அந்த நிலத்தில் கித்தா (ரப்பர்) மரம் நின்ற காலத்தில் பால் வெட்டியவர்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டு, செம்பனை ஆலை ஒன்றில் கிராணி (எழுத்தர்) வேலைக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதி எடுத்து வந்தாள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. கடைசி வரி இது: ‘மை அல்டீரியர் மோட்டிவ் இஸ் டு சர்வ் யுவர் கம்பெனி.’

உங்கள் நிறுவனத்துக்கு உழைப்பதே என் உயர்ந்த குறிக்கோள் என்று எழுத நினைத்திருக்கிறாள். அலுவலகத்தில் அதைப் படிக்கிறவர் திடுக்கிட்டுப் போவார். வெளியே ஒன்று சொல்லிவிட்டு மனசுக்குள் வேறொன்றை வைத்துக்கொண்டு வருகிறேன் என்று அவளே ஒப்புக்கொள்வதைப் போல இருந்தது அந்த வரி.

“ஏம்மா இந்தச் சொல்லைப் போட்டே?” என்று கேட்டேன்.

“அல்டிமேட்னா உச்சம்தானே டீச்சர்? அல்டீரியர் அதுக்கு ஒரு படி கீழேன்னு நெனச்சேன். ரொம்பப் பெருசாச் சொல்லிக்க வேணாம்னுதான்.”

அவள் ஊகித்த உறவு உண்மையிலேயே சரி. அந்த இரண்டு சொல்லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். வளர்ந்த பிறகு வேறு வேறு திசையில் போய்விட்டன. அவளுக்கு இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து சொன்னதை, ஆங்கிலத்துக்குப் புதிதாக வரும் மற்றவர்களுக்கும் ஆகட்டும் என்று இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: வாய்க்கும் கைக்கும் பழக்குங்கள்

யூ, எல், டி, இ, ஆர், ஐ, ஓ, ஆர். எட்டு எழுத்து. மலாய் வாசித்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு முதல் எழுத்தைக் கண்டதும் ‘உ’ என்றுதான் வாய் போகும். ‘உல்தெரியோர்’ என்று வாசிக்கிறவர்களை வருஷத்துக்கு நாலு பேரையாவது பார்க்கிறேன். அது ‘அல்’ என்று தொடங்க வேண்டும். அழுத்தம் முழுவதும் இரண்டாம் அசையில் விழ வேண்டும்: அல்-டீ-ரி-யர். இன்டீரியர், எக்ஸ்டீரியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் என்று நமக்கு ஏற்கெனவே பழகிய சொற்களோடு சேர்த்து நாலு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். எல்லாம் ஒரே தாளத்தில் ஓடும். லத்தீனில் ‘அதைவிட இது’ என்று ஒப்பிட்டுச் சொல்லும் ஈறுதான் இவை எல்லாவற்றிலும் இருக்கிறது. இன்டீரியர் இன்னும் உள்ளே, சுப்பீரியர் இன்னும் மேலே, அல்டீரியர் இன்னும் அப்பால்.

உயிரொலியில் தொடங்குவதால் முன்னால் ‘ஆன்’ வரும்: ஆன் அல்டீரியர் மோட்டிவ்.

மலேசியப் பிள்ளைகளுக்கு என்றே ஒரு பள்ளம் இருக்கிறது. மலாயில் நோக்கத்துக்கு ‘மொத்திஃப்’ என்று எழுதுவோம், கடைசி எழுத்து எஃப். ஆங்கிலத்தில் அதே எழுத்துக்கூட்டுக்கு வேறு பொருள்: சேலைக் கரையில் திரும்பத் திரும்ப வரும் மாங்காயைப் போன்ற ஒரு கோலம், அல்லது ஒரு கதையில் அடிக்கடி தலைகாட்டும் படிமம். நோக்கம் என்று எழுத வேண்டுமானால் எம், ஓ, டி, ஐ, வி, இ. தேர்வுத் தாளில் எஃப் போட்டு எழுதிவிட்டு, பிழை எங்கே என்று தெரியாமல் விழிக்கிறவர்கள் நிறைய. கைபேசியின் எழுத்துத் திருத்தியும் இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் அதுவும் நல்ல ஆங்கிலச் சொல்தான்.

இரண்டாம் படி: சொல் நிற்கும் திசையைப் பாருங்கள்

அகராதியில் ‘உள்நோக்கம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அது தப்பில்லை, ஆனால் அதை மட்டும் மனப்பாடம் செய்தால் சொல்லின் கணக்கு பிடிபடாது.

கி.மு. 197இல் ரோமானியர்கள், தாங்கள் பிடித்த ஸ்பெயின் நிலப்பரப்பை இரண்டு மாகாணமாகப் பிரித்தார்கள். ரோமுக்கு அருகில் இருந்ததற்கு ஹிஸ்பானியா சிட்டேரியர் என்று பெயர், இந்தப் பக்கத்து ஸ்பெயின். தூரத்தில், தெற்கே இருந்ததற்கு ஹிஸ்பானியா உல்டேரியர், அந்தப் பக்கத்து ஸ்பெயின். அந்த ‘உல்டேரியர்’தான் நம் சொல். அதில் ஒளிவும் இல்லை மறைவும் இல்லை. ‘அப்பால்’ என்ற பொருள் மட்டும்தான். அந்த வேரிலேயே ‘எல்லாவற்றுக்கும் அப்பால், கடைக்கோடி’ என்று நீளும் சொல்லிலிருந்து அல்டிமேட் வந்தது. அந்தப் பெண் சொன்ன ‘ஒரு படி கீழே’ என்பது இதுதான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பெரிய தோட்டங்களை டிவிஷன் டிவிஷனாகப் பிரித்திருந்தார்கள். துரை பங்களா குன்றின் மேல் இருக்கும். பங்களாத் திண்ணையில் நின்றால் பக்கத்து டிவிஷனில் யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்பதுவரை தெரியும். குன்றுக்கு அந்தப் பக்கத்து டிவிஷன் தெரியாது. அங்கே என்ன நடக்கிறது என்று வேலையை மேற்பார்க்கும் தண்டல் வந்து சொன்னால்தான் உண்டு. தூரத்தில் இருப்பது கண்ணுக்கு மறைவாகவும் ஆகிவிடுகிறது. இந்தச் சொல்லுக்கும் அதுதான் நடந்தது. 17ஆம் நூற்றாண்டில் ‘அப்பால் உள்ள’ என்ற பொருளோடு ஆங்கிலத்துக்குள் வந்தது. அடுத்த நூற்றாண்டில் ‘இப்போது பார்வையில் இல்லாத, வெளியே சொல்லாத’ என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. இன்று பெரும்பாலும் இந்த இரண்டாவது பொருளில்தான் புழங்குகிறது.

தமிழில் இதே எண்ணத்தை நாம் உள்ளே வைக்கிறோம்: உள்நோக்கம், உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுவது. மலாய்க்காரர்கள் பின்னால் வைக்கிறார்கள். ‘அடா ஊடாங் டி செபாலிக் பத்து’, கல்லுக்குப் பின்னால் இறால் இருக்கிறது என்ற பழமொழியைத் தேர்வுக்காக நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். மேலே பார்த்தால் கல் மட்டும் தெரியும். ஓடையில் இறங்கிக் கல்லைப் புரட்டிய பிள்ளைக்குத்தான் இறால் தெரியும். ஆங்கிலம் அதைத் தூரத்தில் வைக்கிறது. உள்ளே, பின்னால், அப்பால். பொருள் ஒன்று, திசை மூன்று. எனக்கு இந்த மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அப்படி ஒரு சந்தோஷம். மூன்று மொழியும் ஒரே தெருவில் கேட்கும் ஊரில் பிறந்தவர்களுக்குத்தான் அது இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது.

‘அப்பால்’ என்ற திசையை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அப்பால் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் முதலில் ‘இந்தப் பக்கம்’ என்று ஒன்று இருந்தாக வேண்டும்.

மூன்றாம் படி: இரண்டு வரி எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை எடுங்கள். மேலே ‘அவர் சொன்ன காரணம்’ என்று எழுதுங்கள். கீழே ‘அவர் சொல்லாத காரணம்’ என்று எழுதுங்கள். நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் சம்பவத்துக்கு இரண்டு வரியையும் நிரப்ப முடிந்தால் அல்டீரியர் பொருந்தும். மேல் வரியோ கீழ் வரியோ காலியாக நின்றால் பொருந்தாது.

ஒரு தாத்தாவுக்கு 55 வயது ஆகி, ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வருகிறது. ஐந்து வருஷமாக எட்டிப் பார்க்காத தம்பி மகன் ஆப்பிளும் ஆரஞ்சுமாக ஒரு பை தூக்கிக்கொண்டு வருகிறான். “பெரியப்பா, உடம்பு எப்படி இருக்கு? பார்த்து ரொம்ப நாளாச்சேன்னு வந்தேன்.” தேத்தண்ணி குடித்து முடித்தபின், மோட்டார் கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும், முன்பணமாக மூவாயிரம் வெள்ளியும் கேட்கிறான். மேல் வரி: நலம் விசாரிக்க வந்தேன். கீழ் வரி: கையெழுத்தும் காசும். இரண்டும் நிரம்பிவிட்டன. ‘ஹிஸ் விசிட் ஹேட் ஆன் அல்டீரியர் மோட்டிவ்’ என்று தாராளமாக எழுதலாம்.

அதே பையன் வாசலிலேயே, “பெரியப்பா, ஒரு உதவி கேட்டு வந்திருக்கேன்” என்று தொடங்கியிருந்தால்? ஆசை அதேதான், தொகையும் அதேதான். ஆனால் கீழ் வரி காலியாகிவிட்டது, ஏனென்றால் அது மேலே ஏறிவிட்டது. இனி அது வெறும் மோட்டிவ்.

பாசாரில் மீன் விற்பவர் லாபத்துக்கு விற்கிறார். எல்லாருக்கும் தெரியும், அவரும் மறைக்கவில்லை. அங்கே இந்தச் சொல்லுக்கு வேலை இல்லை.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கெட்ட நோக்கம் என்றால் எல்லாவற்றுக்கும் இந்தச் சொல்லைப் போட்டுவிடுவார்கள். நம் தோட்டத்து வரலாற்றிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். 1950களிலும் 60களிலும் வெளிநாட்டுக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்வது அதைத்தான். வேலையும் போய், லயத்து வீடும் போய், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் போய் நின்ற குடும்பங்கள் ஏராளம். அதைத் தடுக்க, எங்கள் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகப் போய், தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி கேட்டுப் பங்கு சேர்த்து, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அந்தச் சங்கம் முதலில் வாங்கியது.

நிலத்தைத் துண்டாடியவர்களின் நோக்கத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் என் மாணவர்கள் கோபத்தோடு ‘அல்டீரியர்’ என்று எழுதுவார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் இரண்டு வரி எழுதிப் பார்க்கச் சொல்வேன். லாபத்துக்கு வாங்கினேன், லாபத்துக்குப் பிரித்து விற்கிறேன் என்று ஒருவர் வெளிப்படையாகச் செய்தால் அது இரக்கமில்லாத செயல். மறைந்த நோக்கம் என்று அதைச் சொல்ல முடியாது. ‘தோட்டத்தை அப்படியே நடத்துவோம், ஒருத்தருக்கும் வேலை போகாது’ என்று சொல்லி வாங்கிவிட்டு, மனசுக்குள் பிரித்து விற்கும் கணக்கை வைத்திருந்தவருக்குத்தான் இந்தச் சொல். கொடுமையின் அளவைப் பார்த்து இதைப் போடக் கூடாது. சொன்னதற்கும் சொல்லாததற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்த்துப் போட வேண்டும்.

அதேபோல நல்ல நோக்கத்துக்கும் இது வரலாம். அம்மா மகளைக் கூப்பிட்டு, உப்பு தீர்ந்துபோச்சு, கடைக்குப் போய் வா என்கிறாள். உப்பு டப்பா நிறைய இருக்கிறது. மகள் திரும்புவதற்குள் பிறந்தநாள் கேக்கை மேசையில் வைத்து மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதையும் சிரித்துக்கொண்டே அல்டீரியர் மோட்டிவ் என்பார்கள். இரண்டு வரியும் நிரம்பியிருக்கிறது அல்லவா?

நம் பழமொழிகளில் இந்தச் சோதனைக்கு அச்சாகப் பொருந்துவது ‘ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்’. மேல் வரி, நனையும் ஆட்டின் மேல் இரக்கம். கீழ் வரி, பசி. ‘சோழியன் குடுமி சும்மா ஆடுமா’ என்பதையும் பலர் இதற்கு ஈடாகச் சொல்வார்கள். எனக்கு அது சற்றுத் தள்ளி நிற்பதாகவே படுகிறது. காரணம் இல்லாமல் காரியம் நடக்காது என்ற சந்தேகம்தான் அதில் இருக்கிறதே தவிர, ஓநாயின் அழுகையைப் போல வெளியே சொன்ன காரணம் என்று ஒன்று அதில் இல்லை.

நான்காம் படி: வாக்கியத்தில் உட்கார வையுங்கள்

தமிழில் உள்நோக்கம் என்பது பெயர்ச்சொல். அதனால் நம் பிள்ளைகள் ‘ஹி ஹேஸ் அல்டீரியர்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இது பெயரடை மட்டுமே. பின்னால் ஒரு பெயர் வந்தே தீர வேண்டும். பத்துக்கு ஒன்பது தடவை அந்தப் பெயர் மோட்டிவ்தான். பர்பஸ், ரீசன், எய்ம், இன்டென்ஷன் ஆகியவையும் வரும்.

பெயருக்கு முன்னால்தான் இதன் இடம். ‘ஹிஸ் மோட்டிவ் வாஸ் அல்டீரியர்’ என்று பின்னால் தள்ளி எழுதினால் இலக்கணம் உடையாது, ஆனால் ஆங்கிலக் காதுக்கு இடறும். ‘வெரி அல்டீரியர்’, ‘மோர் அல்டீரியர்’ இரண்டும் வேண்டாம். சொல்லுக்குள்ளேயே ‘அதைவிட அப்பால்’ என்ற ஒப்பீடு இருக்கிறது.

கூட வரும் வினைகளைச் சேர்த்தே பழகுங்கள். ஒருவருக்கு இருக்கிறது என்றால் ‘ஹேவ்’. இருக்குமோ என்று சந்தேகித்தால் ‘சஸ்பெக்ட்’. ஒரு செயலுக்கான மறைந்த காரணம் என்றால் ‘ஃபார்’ போட்டு, வினையை ‘இங்’ ஈற்றில் முடிக்க வேண்டும்: ‘ஷி ஹேட் ஆன் அல்டீரியர் மோட்டிவ் ஃபார் இன்வைட்டிங் அஸ்’, எங்களை அழைத்ததற்கு அவளுக்கு வேறொரு காரணம் இருந்தது. மறுத்துச் சொல்ல, ‘வித்தவுட் எனி அல்டீரியர் மோட்டிவ்’.

விண்ணப்பம் எழுதிய பெண்ணின் வரியை இந்த இடத்தில்தான் திருத்தினோம். முதலில் ‘அல்டிமேட் எய்ம்’ என்று மாற்றினாள். அதையும் அடித்துவிடச் சொன்னேன். 18 வயதுப் பிள்ளை, முதல் வேலைக்கு எழுதும்போது, ஒரே கம்பெனிக்கு உழைப்பதே வாழ்வின் கடைக்கோடி லட்சியம் என்று எழுதத் தேவையில்லை. கடைசியில் ‘ஐ வான்ட் டு லேர்ன் ஆஃபிஸ் வர்க், அண்ட் ஐ லிவ் டென் மினிட்ஸ் ஃப்ரம் தி மில்’ என்று எழுதினாள். அலுவலக வேலை கற்றுக்கொள்ள விரும்புகிறேன், ஆலையிலிருந்து பத்து நிமிஷத்தில் என் வீடு. உண்மையான காரணம், வெளியே சொன்ன காரணம் இரண்டும் ஒன்றாக இருக்கும் வரி.

ஐந்தாம் படி: அடுத்தவர்மேல் வீசுவதற்கு முன் நிதானியுங்கள்

இது குற்றச்சாட்டுச் சொல். ‘உங்களுக்கு அல்டீரியர் மோட்டிவ் இருக்கிறது’ என்றால், நீங்கள் சொன்ன காரணம் உண்மையில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்வதாகும். நமக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம் என்பதால், அதில் ஒரு கனமான சொல் கிடைத்ததும் அதைப் பயன்படுத்திப் பார்க்கக் கை துறுதுறுக்கும். எனக்கு இருபத்திரண்டு வயதில் அது நடந்தது. வேலை செய்த இடத்தில் என் மேற்பார்வையாளர் சனிக்கிழமை வேலையை மாற்றிப் போட்டார். எனக்குப் பிடிக்காத ஒருவருக்குச் சாதகமாகச் செய்கிறார் என்று நினைத்து, ‘யுவர் அல்டீரியர் மோட்டிவ் இஸ் கிளியர்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மாற்றிக் கொடுக்கச் சொன்னது அந்த ஆளே இல்லை. மனைவிக்கு மருத்துவமனையில் ரத்த சுத்திகரிப்பு நாள் மாறியதால் வேறொருவர் கேட்டிருந்தார். கீழ் வரியை நானே கற்பனையில் நிரப்பியிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன், மேற்பார்வையாளரும் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். ஆனால் எழுதிய தாள் எழுதியதுதான். இன்று நினைத்தாலும் மனசு உறுத்துகிறது.

அதனால் ஆதாரம் இல்லாத இடத்தில் கேள்வியாகக் கேளுங்கள்: ‘இஸ் தேர் எனி அதர் ரீசன்?’ வேறு ஏதாவது காரணம் இருக்கிறதா? சந்தேகமாகத்தான் சொல்ல முடியும் என்றால் ‘மே ஹேவ்’ போடுங்கள், இருக்கலாம் என்ற அளவில் நிற்கும்.

தன்னைப் பற்றிச் சொல்லும்போதும் கவனம் வேண்டும். ‘ஐ ஹேவ் நோ அல்டீரியர் மோட்டிவ்’ என்பது ஆங்கிலத்தில் மிகவும் புழங்கும் வாக்கியம். யாரும் கேட்காதபோது அதைச் சொன்னால், எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். கடன் கேட்டு எழுதும் கடிதத்திலோ, ஒருவரைக் கல்யாணத்துக்கு அழைக்கும்போதோ இந்த வரியைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஒருவர் நேராகச் சந்தேகப்பட்டுக் கேட்ட பிறகு பதிலாகச் சொல்வதுதான் அதற்கு ஏற்ற இடம்.

ஆறாம் படி: அக்கம்பக்கத்துச் சொற்களைப் பிரித்துப் பாருங்கள்

மிக அருகில் நிற்பது ‘ஹிடன் அஜெண்டா’. மலாயில் அஜெண்டா தெர்செம்புஞி என்கிறோமே, அதுதான். மோட்டிவ் என்பது ஒருவரை உந்தும் காரணம். அஜெண்டா என்பது செய்யப்போகும் வேலைகளின் திட்டம். தம்பி மகனுக்கு இருந்தது மோட்டிவ். ஒரு கூட்டம் சேர்ந்து, சங்கத்துத் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே வீடு வீடாகத் தீபாவளிப் பலகாரம் கொடுத்து ஆள் சேர்த்தால் அது ஹிடன் அஜெண்டா.

‘வெஸ்டட் இன்ட்ரஸ்ட்’ என்பதையும் இதையும் ஒன்றாக நினைக்காதீர்கள். ஒரு காரியம் நடந்தால் தனக்கு ஆதாயம் உண்டு என்ற நிலை அது. அது வெளிப்படையாகவே இருக்கலாம். புது ரோடு போட்டால் ரோட்டோரக் கடைக்காரருக்கு நன்மை. அவர் ரோடு வேண்டும் என்று மனு எழுதுகிறார், என் கடைக்கும் நல்லது என்று அவரே சொல்கிறார். மறைவு எதுவும் இல்லை.

‘ப்ரீடெக்ஸ்ட்’ என்பது மறுபக்கம். நம் இரண்டு வரியில் மேல் வரிக்குப் பெயர் அது, தமிழில் சாக்கு. கீழ் வரிக்குப் பெயர் அல்டீரியர் மோட்டிவ். உடம்பு விசாரிக்கும் சாக்கில் காசு கேட்க வந்தான் என்ற ஒரே தமிழ் வாக்கியத்தில் இரண்டும் இருக்கின்றன. இந்த ஜோடியைச் சேர்த்துப் படித்தவர்கள் பிறகு குழம்பியதே இல்லை.

மலாயின் ‘தெர்சிராட்’ வேறு. கவிதை வரிக்குள் பொதிந்து கிடக்கும் பொருளைச் சொல்வது அது. அதில் வஞ்சகம் இல்லை.

சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல். ஆங்கிலக் குற்றவியலில் ‘அல்டீரியர் இன்டென்ட்’ என்று ஒரு வழக்கு உண்டு. திருடும் எண்ணத்தோடு வீட்டுக்குள் நுழைந்தான் என்றால், நுழைந்தது செயல். திருடுவது அந்தச் செயலுக்கு அப்பால் இருக்கும் எண்ணம். அவன் திருடினானா இல்லையா என்பது இரண்டாவது. இங்கே ‘மறைந்த’ என்று மொழிபெயர்த்தால் தப்பாகிவிடும். ரோமானியர்களின் ‘அப்பால்’ என்ற பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கும் இடம் இது. நம் நாட்டு 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, ஒரு செயலுக்கான மோட்டிவைக் காட்டும் உண்மைகளை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. அங்கே வருவது தனி மோட்டிவ். வெளிப்படையானது, மறைந்தது இரண்டும் அதில் அடங்கும்.

ஏழாம் படி: உங்கள் தெருவிலேயே பயிற்சி செய்யுங்கள்

ஒரு வாரம், நாளுக்கு ஒரு சம்பவம். இரண்டு வரி எழுதுங்கள், பிறகு ஓர் ஆங்கில வாக்கியம். தொடங்கிவைக்க நான் மூன்று தருகிறேன்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) துணி விற்கும் அக்கா, “உங்க நிறத்துக்கு இது எடுப்பா இருக்கும் தங்கச்சி” என்கிறார். இதை அல்டீரியர் என்று எழுதினால் நான் சிவப்பு மையில் அடிப்பேன். வியாபாரத்துக்குத்தான் சொல்கிறார் என்று அவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும்.

பக்கத்து வீட்டு அத்தை, பரீட்சை எப்படி எழுதினான் என்று உங்கள் அண்ணனைப் பற்றி வாரம் மூன்று தடவை விசாரிக்கிறார். அவர் வீட்டில் கல்யாண வயதில் ஒரு மகள் இருக்கிறாள். மேல் வரி நிரம்பியிருக்கிறது. கீழ் வரி உங்கள் ஊகம். ஆகவே ‘ஷி மே ஹேவ் ஆன் அல்டீரியர் மோட்டிவ்.’ அந்த ‘மே’ இல்லாமல் எழுத வேண்டாம்.

மூன்றாவது, போன வாரம் ஒரு மாணவன் கொண்டுவந்தது. அவனுடைய பாட்டிக்கு ஒரு அழைப்பு. வங்கியிலிருந்து பேசுகிறேன், உங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும், கைபேசிக்கு வந்த டேக் எண்ணை (பணம் மாற்ற ஒப்புதல் தரும் ரகசிய எண்ணை)ச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறான் ஒருவன். பாட்டி எண்ணைச் சொல்லாமல் பேரனிடம் போனைக் கொடுத்துவிட்டார். மாணவன் எழுதியது: ‘தி காலர் ஹேட் ஆன் அல்டீரியர் மோட்டிவ்.’ இரண்டு வரியும் நிரம்புகிறது, இலக்கணமும் சரி. ஆனாலும் மாற்றச் சொன்னேன். பழம் வாங்கிக்கொண்டு வந்த தம்பி மகனுக்குப் போடும் சொல்லை, பாட்டியின் சேமிப்பைத் துடைத்தெடுக்க வந்தவனுக்குப் போட்டால் அவன் செய்ததைக் குறைத்துச் சொன்னதாகிவிடும். ஆங்கிலத்தில் அதற்கு ‘ஸ்கேம்’ என்று நேரான சொல் இருக்கிறது. அவன் அடித்துவிட்டு எழுதினான்: ‘இட் வாஸ் எ ஸ்கேம்.’ அதற்குக் கீழே, இப்படி ஏமாந்துவிட்டால் உடனே அழைக்க வேண்டிய 997 என்ற எண்ணையும் எழுதி, பாட்டி வீட்டுச் சுவரில் ஒட்டுவதற்கென்று இன்னொரு தாளில் பெரிதாகப் படியெடுத்துக்கொண்டு போனான்.